சரளச் சான்றிதழ்

அயல்மொழித் திறன் மேம்பாட்டு இயக்ககத்தின் லிஃப்டை ஆறு வருடமாக நான்தான் பழுது பார்க்கிறேன். ஆகவே அந்த இயக்ககத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அதன் இயக்குநருக்கே தெரியாது என்று சொன்னால், அது ஜம்பம் அல்ல. அவர் லிஃப்டில் ஏறி இறங்குவதோடு சரி. நான் அதன் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் நின்று பார்த்தவன்.

இயக்ககம் பிறந்த கதை சின்னது. ஓர் அமைச்சர் வெளிநாடு போனார். அங்கே மூன்று நாள் அவர்கள் பேசினார்கள், இவர் தலையாட்டினார். எதற்கெல்லாம் ஆட்டினோம் என்பது ஊர் திரும்பி வந்து ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. உடனே ஒரு குழு போட்டார்கள். குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அறிக்கையின் பேரில் எட்டு மாடிக் கட்டடம் எழும்பியது. ஐந்து வருடத்துக்குள் அரசு ஊழியர் அத்தனை பேரும், பத்து வருடத்துக்குள் நாட்டு மக்கள் அத்தனை பேரும் அந்த நாட்டு மொழியைச் சரளமாகப் பேச வேண்டும் என்பது இலக்கு. அதற்கு அந்த மொழி தெரிந்த ஆசிரியர்கள் வேண்டுமே என்று குழுவில் யாரோ கேட்டாராம். அவரை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆசிரியரே இல்லாமல் மொழி கற்பிக்க இயக்குநர் கண்டுபிடித்த வழிக்குப் பெயர் மொழி நேரம். தினமும் பத்து மணியிலிருந்து பதினொன்று வரை கட்டடத்துக்குள் யாரும் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த மொழியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், தடையே இல்லை. யாருக்கும் அதில் ஒரு வார்த்தையும் தெரியாது என்பதால், பத்துக்கு மணி அடித்ததும் எட்டு மாடியும் கப்சிப். மாடிக்கு ஓர் எழுத்தர் மீறல் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். யார் வாயிலிருந்தாவது தாய்மொழி வந்தால் அதில் குறித்துக்கொள்வார். முதல் மாதம் நானூறு மீறல். மூன்றாம் மாதம் ஏழு. ஐந்தாம் மாதம் பூஜ்யம். தாய்மொழி பூஜ்யம் என்றால் அயல்மொழி நூறு சதவீதம் என்று பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். பத்திரிகைகளும் போட்டன.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே மூன்று அதிகாரிகள். மணி பத்தேகால். அபாய மணி வேலை செய்யவில்லை. அது என் தப்பு இல்லை, புது மணி வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெளியே ஆட்கள் நடக்கிற சத்தம் அவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. காப்பாற்றுங்கள் என்று கத்தினால் மீறல். அந்த மொழியில் கத்தலாம் என்றால் அதற்கு வார்த்தை தெரியாது. பதினொரு மணி அடித்ததா இல்லையா என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று அப்புறமும் பேசாமலே இருந்துவிட்டார்கள். ஒன்றரை மணிக்கு மாதாந்தரச் சோதனைக்காகத் தற்செயலாக நான் போய்க் கதவைத் திறந்தபோது ஒருவர் மயங்கிக் கிடந்தார். மற்ற இருவரும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

மறுவாரம் மூவருக்கும் மொழிப் பற்று விருது கொடுத்தார்கள். ஊழியர்களால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலேயே தாக்குப்பிடிக்க முடிகிறது என்று இதனால் நிரூபணம் ஆகிவிட்டதாம். ஆகவே மொழி நேரத்தைப் பத்திலிருந்து ஒன்று வரை நீட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போது எனக்கு என்ன, அடுத்தவன் வீட்டுக் கூத்துதானே.

அது என் வீட்டுக்கும் வந்தது. அக்காவின் கணவர், என் மாமா, வெல்டர். அந்த நாட்டுக் கப்பல் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. போக வேண்டுமென்றால் மொழி தெரியும் என்று இயக்ககத்தின் சான்றிதழ் வேண்டும். நாற்பது நாள் வகுப்பு. நாலாவது மாடியில் அறுபது பேரோடு பத்திலிருந்து ஒன்று வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவார். நடுவில் ஒருநாள் தும்மிவிட்டார். தும்மல் தாய்மொழியா இல்லையா என்று கோப்பு மூன்று மேசை ஏறி இறங்கி, கடைசியில் விலக்கு அளித்தார்கள். நாற்பது நாளும் மீறல் இல்லை என்பதால் அவருக்குக் கிடைத்தது ஆக உயர்ந்த தரம், ‘சரளம்’. என்ன மாமா கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு விமானம் ஏறினார்.

ஐந்தாவது மாதம் இரும்புத் தகடு ஒன்று சரிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. கையிலிருந்த போனும் நொறுங்கிவிட்டது. கூட வேலை செய்பவர் ஒருவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கூரியரில் மூன்று பக்கக் கடிதமும் ஒரு படிவமும் வந்தன. அத்தனையும் அந்த மொழியில்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கிரேன்காரர் இருக்கிறார். அந்த நாட்டுத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். அவரிடம் ஓடினேன். கண்ணாடியைக் கூடத் தேடாமல், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். காலைக் காப்பாற்ற ஒரு பெரிய அறுவை சிகிச்சை செய்யலாம், கொஞ்சம் ஆபத்து உண்டு. வேண்டாம் என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். நோயாளிக்கு எங்கள் மொழி புரியவில்லை, ஆகவே அவருடைய சம்மதக் கையெழுத்து எங்கள் சட்டப்படி செல்லாது. மனைவி கையெழுத்திட வேண்டும். கடித தேதியிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் பதில் வராவிட்டால் காலை எடுத்துவிடுவோம். இவ்வளவுதான் விஷயம்.

அக்கா உடனே கையெழுத்துப் போட்டாள். காலைக் காப்பாற்றுங்கள் என்ற கட்டத்தில் பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் குறி போட்டாள். கிரேன்காரர் படிவத்தின் அடியில் விரலை வைத்தார்.

“இங்க பாருங்க தம்பி. இதை வீட்டாளுங்களுக்கு அவங்க மொழியில விளக்கிச் சொல்லியாச்சுன்னு நம்ம அரசாங்கம் ஒரு முத்திரை வைக்கணும். அது இல்லேன்னா இவங்க கையெழுத்தும் செல்லாது.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முத்திரைதானே. நம்ம கட்டடம், நம்ம லிஃப்ட், நம்ம ஆட்கள். கூரியரில் மூன்று நாள் போயிருந்தது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்று அக்காவிடம் தைரியமாகச் சொன்னேன்.

மறுநாள் பத்து மணிக்குப் போனேன். என் புத்திக்கு அது மொழி நேரம் என்பது உறைக்கவில்லை. ஏழாம் மாடியில் சான்றிதழ்ப் பிரிவின் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். லிஃப்டில் மயங்கிக் கிடந்தவர் அவர்தான், நான்தான் தோளில் போட்டு இறக்கினேன். என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஒரு மணிவரை எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றிலிருந்து இரண்டுவரை அவருக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்குக் கடிதத்தை வாங்கினார். அதைப் படிக்க அவருக்குத் தெரியாது, அதனால் என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பதிவேட்டை எடுத்து மாமாவின் எண்ணைத் தேடிப் பிடித்தார்.

“உங்க மாமா சரளம்னு இருக்கே. அவருக்கே எல்லாம் புரியுமே. அப்புறம் எதுக்கு வீட்டுக்கு விளக்கணும்?”

அவருக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது, உங்கள் வகுப்பில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார் என்றேன். கண்காணிப்பாளர் கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். இதுவரை நாலு லட்சம் பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம், ஒருவருக்குத் தெரியாது என்று நாங்களே முத்திரை குத்தினால் மீதிப் பேரின் கதி என்ன என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், அந்த நாலு லட்சத்தில் அவரும் ஒருவர்.

“சார், கால் சார்” என்றேன்.

“கால் எங்க துறையில வராதுங்க” என்றார். அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். விபத்தின் அதிர்ச்சியில் மாமா சரளத்தை இழந்துவிட்டார் என்று காட்டினால் பதிவேட்டுக்குப் பங்கம் வராது, சரளம் இழப்புச் சான்று என்று ஒன்று போட்டுவிடலாம். அதற்கு அங்கே சிகிச்சை கொடுக்கும் டாக்டரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் அந்த மொழியில்தான் வரும், ஆகவே அதை விளக்கிச் சொன்னதாக இவர்களுடைய முத்திரை வேண்டும். அதற்கு மட்டும் முத்திரை வைப்பீர்களா என்று கேட்டேன். தாராளமாக வைப்போம், ஆனால் உங்கள் மாமா சரளப் பட்டியலில் இருக்கக் கூடாது என்றார். போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரை அன்றைக்கு லிஃப்டிலேயே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

கிரேன்காரர் பார்த்தார். இயக்ககத்தின் தேர்வில் தேறித் தானே அங்கீகரிக்கப்பட்ட மொழி விளக்குநர் ஆகிவிட்டால், விளக்குநருக்கும் முத்திரை உண்டு, அவர்களைக் கெஞ்ச வேண்டாமே என்று, அந்த வாரத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்தார். மூன்றாம் மாடிக் கூடத்தில் நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவது என்றால், உட்கார்ந்திருப்பது. இவர் எழுந்து நின்று, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், அந்த மொழியில் பொழிந்து தள்ளிவிட்டார். தேர்வாளர் பதறிப்போனார். இவர் பேசுவது அந்த மொழிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? சரிபார்க்கக் கட்டடத்தில் ஆள் இல்லை. ஆகவே ‘இனம் தெரியாத ஒலி, பிறர் தேர்ச்சிக்கு இடையூறு’ என்று குறித்து இவரைத் தோல்வி ஆக்கினார்கள். மற்ற நாற்பது பேரும் விளக்குநர்கள் ஆனார்கள். அதில் ஒருவரைப் பிடித்துப் படிவத்தைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், புரியாத காகிதத்தில் முத்திரை வைக்க என் மனசாட்சி இடம் தராது என்று சொல்லிவிட்டார்.

ஆறாவது நாள் இயக்குநரைப் பார்க்க முடிந்தது. அவர் அறையில் அந்த நாட்டுக் கொடி, அந்த நாட்டுப் பூச்சாடி, அந்த நாட்டு வரைபடம் எல்லாம் இருந்தன. நான் பேசி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்றுகொண்டு எனக்குப் பதில் சொன்னார். அறையில் நான் ஒருவன்தான், ஆனாலும் அவர் பார்வை கடைசி வரிசைவரை போனது.

“தம்பி, ஒரு மொழியைக் கத்துக்கணும்னா ரெண்டு வேலை இருக்கு. நம்ம மொழியை நிறுத்தணும், அவங்க மொழியை ஆரம்பிக்கணும். முதல் வேலையை நாங்க நூறு சதவீதம் முடிச்சிட்டோம். உலகத்துல எந்த நாடும் இவ்வளவு வேகமா முடிச்சதில்லை. ரெண்டாவது வேலை அடுத்த திட்டத்துல வருது. இப்ப நீங்க வந்து ஒரு கடுதாசியைப் படிச்சுச் சொல்லுங்கன்னு கேக்கறீங்க. படிக்கறது, புரிஞ்சுக்கறது, இதெல்லாம் தனிமனித விஷயம். நாங்க பாக்கறது தேசிய அளவுல.”

என் மாமாவும் இந்தத் தேசத்தில்தான் இருந்தார் ஐயா என்றேன். இப்போது இல்லையே என்று சுட்டிக்காட்டினார். பிறகு பூச்சாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த வாரம் அந்த நாட்டுப் பிரதிநிதிகள் வருவதால் தனக்கு மூச்சுவிட நேரமில்லை என்றார். வீட்டில் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

எட்டாவது நாள் பிரதிநிதிகள் வந்தார்கள். அவர்கள் காதில் நம் மொழி விழக் கூடாது என்று அந்த வாரத்தையே மொழி வாரம் ஆக்கியிருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை வாய் திறக்கக் கூடாது. லிஃப்ட் மட்டும் எங்கேயும் நின்றுவிடக் கூடாதே, அதற்காக என்னைக் கூப்பிட்டு உள்ளேயே நிறுத்தினார்கள். நான் கடிதத்தையும் படிவத்தையும் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

நாலு பிரதிநிதிகளும் அவர்களோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா அந்த நாட்டுக்காரர். ஆனால் நம் செய்தி வாசிப்பவரைவிட நன்றாக நம் மொழி பேசினார். லிஃப்டில் நான் கடிதத்தையும் படிவத்தையும் நீட்டினேன். மேலே போகிற நேரத்துக்குள் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டார். முகம் மாறிவிட்டது.

“நாளைக்குத்தானே கடைசி நாள். முத்திரையை மட்டும் வாங்கிக் குடுங்க. இன்னிக்கே நான் ஃபேக்ஸ்ல அனுப்பிடறேன்” என்றார்.

லிஃப்டின் மூலையில் நின்றிருந்த எழுத்தர் பதிவேட்டைப் பிரித்து, மீறல், விருந்தினர், ஒன்று என்று எழுதி அவரிடமே காட்டினார். சுவரில் விதிமுறைப் பலகையையும் காட்டினார். அந்த அம்மா மரியாதை தெரிந்தவர். வந்த இடத்து வழக்கத்தை மீறக் கூடாது என்று அதற்குப் பிறகு தன் மொழியில் மட்டுமே பேசினார்.

எட்டாம் மாடி அரங்கில் முந்நூறு பேர். மேடை மேசையில் இயக்ககத்தின் முத்திரையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், பக்கத்திலேயே மைப்பெட்டி. அந்த அம்மா நேராக இயக்குநரிடம் போய்ப் படிவத்தை விரித்துக் காட்டித் தன் மொழியில் நிதானமாக எடுத்துச் சொன்னார். முத்திரை வைக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டார். கால் என்பதற்குத் தன் காலையே தொட்டுக் காட்டினார். இயக்குநர் தலையைச் சாய்த்துக் கேட்டார். தலையாட்டினார். மறுபடி ஆட்டினார். புரியவில்லை, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் போதும், ஒரு கால் பிழைத்திருக்கும். ஆனால் முந்நூறு பேருக்கு முன்னால், படக்காரர்களுக்கு முன்னால், அயல்மொழி இயக்குநர் அதை எப்படிக் கேட்பார்? நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினார். படிவத்தை வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மேசையிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். கைதட்டலுக்குத் தடை கிடையாது.

அந்த அம்மா கேடயத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, கத்திவிட்டேன்.

“சார், முத்திரை வைக்கச் சொல்றாங்க சார். உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. வச்சுக் குடுங்க சார். எங்க மாமாவுக்குக் கால் போயிடும்.”

அந்த அரங்கில் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் தரையைப் பார்த்தார். இரண்டு காவலர்கள் என் தோளைப் பிடித்துப் படிக்கட்டு வழியாக எட்டு மாடியும் இறக்கி, வாசலுக்கு வெளியே விட்டார்கள். லிஃப்டைக் கூட எனக்குத் தரவில்லை.

கெடு முடிந்த மறுநாள் காலையில் மாமாவின் காலை எடுத்தார்கள். சொன்ன சொல் தவறாத ஆஸ்பத்திரி.

இரண்டு மாதம் கழித்து மாமா வந்தார். விமான நிலையத்தில் அக்கா அவருடைய காலைப் பார்க்கவே இல்லை, முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் இயக்ககத்தின் ஆண்டு விழா. சரளம் பெற்ற குடிமகன் ஒருவர் மேடையில் பேசிக் கேட்க வேண்டும் என்று அமைச்சர் ஆசைப்பட்டுவிட்டாராம். நாலு லட்சம் பேரைச் சலித்துப் பார்த்தார்கள், ஒருவரும் தேறவில்லை. இரண்டு மாதம் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்கு நிச்சயம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்று கண்காணிப்பாளர் கணக்குப் போட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வெட்கம் கெட்ட மனிதர். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் வாசலைக் காட்ட எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“வர்றேன்னு சொல்லு மாப்ளே. சர்டிஃபிகேட் குடுத்தவங்களுக்கு நான் என்ன கத்துக்கிட்டேன்னு தெரிய வேண்டாமா?”

விழாவில் நானும் அக்காவும் கிரேன்காரரும் மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தோம். இயக்குநர் முதலில் முக்கால் மணி நேரம் பேசினார். உடல் குறை வந்தாலும் மொழி குறை வராத வீரர் என்று மாமாவை அறிமுகப்படுத்தினார். மாமா ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

பேசினார். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துவார், குரலை மாற்றி இன்னொன்று சொல்வார். தடங்கல் இல்லை, தயக்கம் இல்லை. அந்தக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து நம் ஆள் ஒருவரின் வாயிலிருந்து அந்த மொழி அந்த மேடையில் வந்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரங்கம் கை தட்டியது. அமைச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

என்ன சொல்கிறார் என்று கிரேன்காரரைக் கேட்டேன். அவர் கை தட்டவில்லை, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் என் காதருகே குனிந்தார்.

“ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்ட, சிஸ்டர், எங்க வீட்டிலேருந்து காகிதம் வந்துச்சான்னு கேக்கறாரு. இன்னும் வரலைங்கறாங்க. நாளைக்கு வருமாங்கறாரு. நாளைக்குப் பாக்கலாங்கறாங்க. இதையேதான் தம்பி திரும்பத் திரும்பச் சொல்றாரு.”

மாமா நிறுத்தினார். கைதட்டல் அடங்கவே ரொம்ப நேரம் ஆனது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து மாமாவின் தோளில் கை போட்டார். அமைச்சர் இன்னும் கேட்க ஆசைப்படுகிறார், இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்றார்.

“அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்” என்றார் மாமா. “பன்னிரண்டு நாளும் இதைத்தான் கேட்டேன்.”

அக்கா எழுந்து மேடைக்கு ஏறினாள். நாற்காலியில் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.